மரத்தடிப் பனி

எலிசியோ மொந்தோயாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் என் மனைவி நட்ட மரத்தடியில் தன் வீட்டுப் பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி மாதம். முந்தின நாள் நாலு விரற்கடை பனி விழுந்திருந்தது. அவருக்கு எழுபத்தெட்டு வயது. எங்கள் ஊர் இருப்பது ஏழாயிரம் அடி உயரத்தில். இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். மூன்று தடவை அள்ளுவார், மண்வாரியை ஊன்றிக்கொண்டு நிற்பார், மறுபடி அள்ளுவார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. எல்லையிலிருந்து நாலடி தள்ளி, என் பக்கத்தில், வெர்னா அந்தக் காட்டு ஆப்பிள் கன்றை வைத்திருந்தாள். செப்டம்பரில் நட்டாள். அக்டோபரில் கண்ணை மூடிவிட்டாள்.

வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினேன்.

"மிஸ்டர் மொந்தோயா! இது மூணாவது தடவை. உங்க பனியைக் கொட்ட வேற இடமே கிடைக்கலையா?"

"வாங்க ஹார்லன். வெறும் செருப்போட வந்திருக்கீங்களே, கால் விறைச்சுடும்."

"என் காலை நான் பாத்துக்கறேன். அது வெர்னா வெச்ச மரம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போட்டுப் புதைக்கிறீங்களா?"

"கிளை ஒடியாம பாத்துதான் போடறேன்." அவ்வளவுதான் பதில்.

தபால் எடுக்க வந்த எதிர்வீட்டு டுவைட் சிரித்தார். "விடுப்பா ஹார்லன். மனுஷன் புல்தரையையே வழிச்சு எடுக்கிறார் பாரு. புல்லுக்குக் குளிருதாம்!"

நிஜம்தான். கார் நிற்கும் பாதையை மட்டுமில்லை, புல்வெளிமேல் கிடந்த பனியையும் எலிசியோ வழித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைப் பொட்டுகூட மிச்சமில்லை. கோடையில் தெருவிலேயே பச்சையான புல்வெளி அவருடையதுதான். மனிதருக்குப் புத்தி குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

நானும் வெர்னாவும் ஓஹையோவிலிருந்து கொலராடோவுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஓஹையோவில் பனியை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளினால் வெட்டுக்குத்து நடக்கும்.

நான் போய் என் மண்வாரியை எடுத்து வந்தேன். மரத்தடிப் பனியை முழுக்க அள்ளி, அவருடைய கார் பாதையிலேயே திருப்பிக் கொட்டினேன். அவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது."

"ஒரு வாய் காப்பி சாப்பிடறீங்களா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னல் திரைகளையும் இழுத்துவிட்டேன். அக்டோபரிலிருந்தே அவை பெரும்பாலும் அப்படித்தான் கிடந்தன.

மறுநாள் காலையில் பார்த்தால், பனி மறுபடியும் மரத்தடியில்.

இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று போனேன். வீடு பூட்டியிருந்தது. விடிந்ததுமே மகள் வந்து தன் ஊரான ப்யூப்ளோவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள் என்றார் டுவைட். மார்ச்சில் அங்கேயே, தூக்கத்தில் இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் போகவில்லை.

மே மாதம் டார்லா வந்தாள். தெருவில் எல்லார் வீட்டுப் புல்வெளியையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அக்டோபரில் தெளிப்புக் குழாய்களை மூடிவிட்டுப் போனவள், திறந்துவிட வந்திருந்தாள்.

வண்டியை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஹார்லன், கொஞ்சம் வெளிய வாங்க."

போனேன்.

வெர்னாவின் மரம் பூத்திருந்தது. என் தோள் உயரம்கூட இல்லாத கன்று. குச்சி நுனிவரை ரோஜா நிறம். தெருமுழுக்கப் பழுப்பு, நடுவில் அது மட்டும். எங்கிருந்து வந்தனவோ, அத்தனை தேனீக்கள்.

"போன வருஷம் இந்தத் தெருவுக்குப் பதினோரு கன்னு குடுத்தேன். பத்து பட்டுப்போச்சு," என்றாள் டார்லா. "பனியும் பேருக்குத்தான் விழுந்துது. குழாய்த் தண்ணியை வெளிய விடக்கூடாதுன்னு நகராட்சி தடை வேற. இது மட்டும் எப்படி?"

இடுப்பிலிருந்து ஒரு நீளத் திருப்புளியை உருவி மரத்தடியில் குத்தினாள். சத்தமில்லாமல் பிடிவரைக்கும் இறங்கியது.

"பாருங்க, என்ன ஈரம்! இந்த ஊர்ல மரம் குளிர்ல சாகாது ஹார்லன், தாகத்துல சாகும். நீங்களா தண்ணி விட்டீங்க?"

"நான் இல்லை."

அவள் பக்கத்து வீட்டைப் பார்த்தாள்.

"அப்போ எலிசியோதான். வெர்னா மரம் பொழைக்க என்ன வழின்னு நவம்பர்ல என்னைக் கேட்டாரு. 'விழற பனியெல்லாம் அதோட காலடியில சேர்ந்தாத்தான் உண்டு'ன்னேன். 'ஹார்லன்கிட்ட சொல்லிடுங்களேன்'னு சொன்னதுக்கு என்னைத் திட்டினாரு. 'அந்த மனுஷன் இன்னும் ஜன்னலையே திறக்கலை. இப்பப் போய் மரமும் செத்துடும்னு சொல்லச் சொல்றியா?'ன்னு."

நான் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுபத்தெட்டு வயது. ஏழாயிரம் அடி உயரம். நான் திருப்பிக் கொட்டியதை அவர் இரண்டாம் தரமும் அள்ளியிருக்கிறார்.

டார்லாவிடமிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டினேன். எலிசியோவின் புல்வெளி வைக்கோலாகக் கிடந்தது. மண்டியிட்டு, இரண்டு கையாலும் முழு பலத்தோடு அழுத்தினேன்.

ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.