நம்பும்படியான பதில்

விசா அதிகாரியாக நடிக்கச் சொல்லி மகள் ரெனிலா கேட்டதால், எஸ்தர் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்று சந்தேகம் வந்தால் விசா கொடுக்க மாட்டார்களாம்.

"படிப்பு முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"ஊருக்கு வந்துடுவேன் சார். அம்மா தனியா இருக்காங்க. நான்தான் பாத்துக்கணும்."

எஸ்தர் அதிகாரி வேடத்தை மறந்தாள். "நெசமாவாடி?" என்றாள்.

ரெனிலா சிரித்துவிட்டாள். "ஆபீசர் இப்படியா கேப்பாரு? நம்புற மாதிரி இருக்கா, அதைச் சொல்லும்மா."

எஸ்தர் மறுபடி அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல. அம்மான்னு சொல்றப்ப தலையைக் குனியுற. அங்கதான் பிடிச்சிருவாங்க. மறுபடி சொல்லு."

இம்முறை ரெனிலா நேராக அவள் கண்களைப் பார்த்துச் சொன்னாள். பெற்றவளாலேயே பொய்யைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கெடச்சிரும்," என்றாள் எஸ்தர்.