புரையேறாத மடக்கு

எக்ஸ்ரே அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், திரையின் சாம்பல் வெளிச்சத்தில் ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருக்கிறாள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களைப் பற்றித்தான் அவளுடைய முனைவர் பட்டம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தொண்டைக்காரர்களும் வேண்டுமே. வருவதாகச் சொன்ன ஆள் கைவிரித்துவிட, அப்பாவையே பிடித்து இழுத்து வந்துவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் வெறும் நிழல். திரையில்தான் துலக்கமாக இருக்கிறார்: தாடை, கழுத்தெலும்பு வரிசை, அடைத்த கடைவாய்ப்பல். எக்ஸ்ரேயில் தடம் தெரிவதற்காக அவர் குடிக்கும், கோப்பையில் சுண்ணாம்புத் தண்ணீர் போல வெளுத்திருந்த மருந்து, திரையில் மை போலக் கறுத்து நாக்கின்மேல் உருள்கிறது. ஒலிபெருக்கியில் மடக்கென்று ஒரு சத்தம். கறுப்பு உணவுக்குழாயில் இறங்குகிறது. அதிலிருந்து ஓர் இழை மட்டும் பிரிந்து, சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள், நுரையீரலை நோக்கி வழிகிறது. யாராக இருந்தாலும் இந்நேரம் துடித்து இருமியிருக்க வேண்டும். அவள் காத்திருக்கிறாள். இயந்திரம் ரீங்கரிக்கிறது. சில மாதங்களாக அவருக்கு விட்டு விட்டு வரும் சளிக்காய்ச்சல் நினைவில் தட்டுகிறது. "இருமுங்கப்பா" என்று வாய்க்குள்ளேயே முனகுகிறாள். திரையில் மண்டையோட்டின் தாடை அசைகிறது. "ஜம்முன்னு இறங்குதும்மா. நீ போடுற காப்பிக்கு இது எவ்வளவோ தேவலை." அவர் சிரிக்கச் சிரிக்க, இழை இன்னும் ஒரு விரற்கடை கீழே போகிறது. பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு எச்சில் தடம் மாறி, இருமல் பீறிட்டு, கண்ணில் நீர் முட்டுகிறது. "என்னம்மா, புரையேறிடுச்சா?" என்று திரையிலிருந்து அந்த மண்டையோடு கேட்கிறது. "யாரோ உன்னை நெனைக்கிறாங்க."