வாங்கிய பெட்டிக்கு மறுவிலை

ரேடியோ மெக்கானிக் ரசாக் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பழைய ஐ.சி. சில்லைத் திருப்புளியால் நெம்பி எடுத்து மேசைமேல் வைத்தார்.

செத்த கரப்பான்பூச்சிபோல் அது கால்களை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது.

"நல்லாத்தானப்பா இருக்குது? கெட்டா போச்சு?" என்றார் நஞ்சப்பன்.

"கெடலீங்க. பழசாயிப்போச்சுங்க."

அதுதான் நஞ்சப்பனுக்குப் பிடிபடவில்லை.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பெட்டி அது. வீட்டிலிருந்தே ஊர் ஊராகக் காற்றில் பேசும் ஹாம் ரேடியோவோடு இணைத்தால், காற்றில் வரும் சத்தத்தைக் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தாக்கித் தரும். முழு விலை கொடுத்து, சுங்கமும் கட்டி வாங்கியாயிற்று. இப்போது எழுத்து அனுப்பப் புதிய முறை ஒன்று வந்திருக்கிறதாம். அதைப் படிக்கப் புதிய சாஃப்ட்வேர் ஏற்றிய ஐ.சி. வேண்டுமாம். அதற்குத் தனியாகக் காசாம். இனி வரும் மாற்றங்களுக்கும் அப்போதைக்கப்போது கட்டணம் உண்டு என்று கம்பெனிக்காரன் கூச்சமே இல்லாமல் எழுதியிருந்தான்.

நஞ்சப்பனின் பட்டறையில் பம்ப்செட் வாங்கிப்போன எந்தக் குடியானவனிடமும், இந்த வருஷத்துத் தண்ணீருக்கு மறுபடி காசு கட்டு என்று அவர் கேட்டதில்லை.

"வித்த எருமைக்கு வருஷா வருஷம் வந்து நின்னு காசு கேக்கறான். நாமளும் எடுத்துக் குடுக்கறோம். வெளிய சொன்னா வெக்கக்கேடு."

"குடுக்காட்டிச் சின்னவரு எழுதறதைப் படிக்க முடியாதுங்களே," என்றார் ரசாக், தலை நிமிராமல்.

சின்னவர் என்றது நஞ்சப்பனின் தம்பி கதிரேசனை.

பாகம் பிரித்த அன்று, இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று நஞ்சப்பன் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

ஆனால் இரண்டு பேரிடமும் ஹாம் லைசென்ஸ் இருந்தது.

தினமும் காலையில் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் காற்றில் எல்லோரையும் கூட்டுவார். பெயரைச் சொல்லாமல், ஒவ்வொருவருக்கும் லைசென்ஸில் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அது ஒழுங்கு. காற்றில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, குறிதான் உண்டு. கதிரேசன் தன் குறியைச் சொல்வார், மழையா வெயிலா என்று சொல்வார், 'ஓவர்' என்பார். அப்போது நஞ்சப்பனின் ரேடியோவில், வரும் அலையின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள், வேறு யாருக்கும் போகாத தூரம் போய்க் கடைசியில் முட்டி நிற்கும்.

அவ்வளவுதான். வருஷக்கணக்காக அதுவே போதுமானதாக இருந்தது.

போன ஆவணியில் கதிரேசனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. மோர்ஸ் தந்திக்குறி அடிக்கலாம் என்றால் கைநடுக்கம். அதனால் எழுத்துக்கு மாறினார். மாறும்போதே புதிய முறைக்கு மாறிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய முறை வரும்போதெல்லாம் நஞ்சப்பனின் திரையில் குப்பை கொட்டியது. முள் மட்டும் போய் முட்டி நின்றது.

"ஒரு வார்த்தை சொன்னாச் சின்னவரு பழைய முறைக்கே வந்துக்குவாருங்க" என்று ரசாக் அப்போதே சொல்லிப் பார்த்தார்.

"நான் போயி அவங்கிட்டக் கேக்கறதா? காசைக் கட்டி வரவழை."

அப்படி வந்ததுதான் இந்த ஐ.சி.

மனைவி மாசாணியம்மாள் கொடுமுடிக்குப் போயிருந்தார். வேலைக்கு வந்தவர் வாய் நனையாமல் போனால் வீட்டுக்கு மரியாதை இல்லை என்று, காப்பிக்குப் பாலை நஞ்சப்பனே அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

புதிய ஐ.சி. உட்கார்ந்தது. ரசாக் மூடியைப் போடாமலே சுவிட்சைத் தட்டினார்.

காலைக் கூட்டம் தொடங்கியிருந்தது; கதிரேசனுக்காக மேட்டுப்பாளையத்துக்காரரும் இப்போது எழுத்தில்தான் கூட்டினார். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் ஓடியது. மேட்டுப்பாளையத்தில் தூறலாம். நஞ்சப்பன் முதுகை வளைக்காமல் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தன் குறியை அடித்தார். வாங்க வாங்க என்றார் மேட்டுப்பாளையத்துக்காரர். அடுத்ததாகக் கதிரேசனின் குறியைக் கூப்பிட்டார்.

முள் போய் முட்டியது. குறி வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

"இதுக்கு மேல வரோணும்னா இன்னொரு ஐ.சி. வாங்கோணுமா?" நஞ்சப்பன் சீறினார்.

"இருங்க. நடுங்கற கையிங்க. தேடித்தான் அடிப்பாரு."

ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

அண்ணா.

காற்றில் அப்படிக் கூப்பிடுவது ஒழுங்கில்லை. அதைச் சொல்ல நஞ்சப்பன் வாயெடுத்தார். அதற்குள் அடுத்த வரி வந்துகொண்டிருந்தது.

பால் பொங்கி வழியுது. கருகற வாசம் இங்க வருது. அடுப்பை அணைங்க.

ரசாக் சமையலறைக்கு ஓடினார். "அடியோட தீஞ்சுபோச்சுங்க!" என்று அங்கிருந்து கத்தினார்.

நஞ்சப்பன் எழுந்திருக்கவில்லை. பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவே எழுப்பிய சுவர் அவர் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது. காற்றுக்காக மேலே விட்டிருந்த இடைவெளி வழியாக, அந்தப் பக்கம் தம்பியின் நாற்காலி நகர்வது கேட்டது. கீபோர்டில் ஒரு விரல் தேடித் தேடித் தட்டுவதும் கேட்டது.

"பாலு போனாப் போகுது, வந்து உக்காரு" என்றார். "இன்னும் அடிக்கறான்."