தும்மல் ராணி

"அச்...!"

"கட்! கட்! கட்!"

டைரக்டர் மேடம் ஹெட்போனைக் கழட்டி மேஜை மேல போட்டாங்க. கிளாப் பலகையோட நின்னுட்டிருந்த நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெளிச்சம் இறங்க ஆரம்பிச்சாச்சு.

"ஏம்மா, வசனம் பூரா பேசறது பக்கத்துல இருக்கற அந்த அம்மா. நீ அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்து கேக்கணும். அதுகூட உன்னால முடியாதா?"

"சாரி மேடம். மூக்குல தூசி"ன்னா அந்தப் பொண்ணு.

காலையில இருந்து இதே கூத்து. ஒரு தடவை தும்மல். ஒரு தடவை இருமல். ஒரு தடவை ஒண்ணுமே இல்லாததுக்கு 'களுக்'னு சிரிப்பு. செட்டுல அவளுக்குத் 'தும்மல் ராணி'ன்னே பேரு வச்சாச்சு.

சின்னப் படம்தாங்க எங்களது. மாடி வீட்டுல குடியிருக்கிற வேலைக்குப் போற பொண்ணுக்கும், கீழ் வீட்டுல தனியா இருக்கிற வயசான அம்மாவுக்கும் நடுவுல வர்ற சிநேகிதம். ஹீரோ கிடையாது, சண்டை கிடையாது. கடைசி சீனுக்கான வீடு இன்னிக்கு ஒரு நாள்தான் கிடைச்சுது. அதனால கடைசி சீனையே முதல்ல எடுக்கறோம்.

அந்த அம்மா சோபாவுல உக்காந்து மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டணும். ஒரே ஷாட். டப்பிங் கிடையாது, பேசறப்பவே ஒலிப்பதிவு. பின்னாடி நின்னு வசனம் எடுத்துக் குடுக்கக்கூட வழியில்ல. ஈ பறந்தாலே மைக்ல விழுந்துடும். இவ தும்மினா விழாதா?

படத்துலதான் சிநேகிதம். நிஜத்துல ரெண்டு பேரும் இன்னிக்குக் காலையில மேக்கப் ரூம்லதான் முதல் தடவையா மூஞ்சியைப் பார்த்துக்கிட்டாங்க.

நாற்காலியில இருந்து தயாரிப்பாளர் எழுந்து வந்தார். மேடத்தோட சித்தப்பா.

"நான் அன்னிக்கே சொன்னேன். நம்ம வீட்டுப் பொண்ணு சும்மாத்தானே இருக்கா, அவளையே போடுன்னு. கேட்டியா? பெரியவங்களைப் பாரு. அத்தனை தடவையும் முகம் சுளிக்காம பேசறாங்க. வயசாச்சு, இவங்க வேணாம்னு முதல்ல சொன்னதே நான்தான். என் வாயில அடிக்கணும்!"

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்துடுச்சு. "இல்லீங்க, அவ மேல ஒண்ணும்..."னு என்னவோ சொல்ல வந்தாங்க.

அதுக்குள்ள இவ, "நீங்க முதல்ல தண்ணி குடிங்கம்மா"ன்னு டம்ளரை அவங்க வாய்கிட்ட கொண்டுபோயிட்டா. பெரியவங்களைப் பேசக்கூட விடல. என்ன திமிரு பாருங்க!

மேடம் விரலை நீட்டினாங்க. "இன்னும் ஒரே ஒரு தடவை தும்மினே, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சித்தப்பா, உங்க பொண்ணை இப்பவே கிளம்பி வரச் சொல்லுங்க. இப்போ பத்து நிமிஷம் பிரேக்!"

பொண்ணு கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. ஆனா அந்த அம்மாவோட கையை விடல. எனக்கே பாவமாத்தான் இருந்துது. அவளுக்கு இது முதல் படம்.

எல்லாரும் டீக்குப் போயிட்டோம். அவங்க ரெண்டு பேரு மட்டும் சோபாவுலயே இருந்தாங்க. எங்க சவுண்ட் ரெக்கார்டிஸ்டும் எடத்தை விட்டு நகரல. செட்டுல அவருக்குக் 'காது'ன்னு பேரு. ஹெட்போனோடயே பொறந்தவர் மாதிரி இருப்பார்.

டீ குடிச்சிட்டு நாங்க திரும்பறப்போ, "மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன்"னு கூப்பிட்டு, ஹெட்போனை அவங்க காதுல மாட்டி விட்டார்.

என்ன கேட்டாங்களோ தெரியல. கடுகடுன்னு இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமா தணிஞ்சுது. ஹெட்போனைத் திருப்பிக் குடுத்துட்டு எடத்துக்குப் போய் உக்காந்தாங்க.

"ரெடியா? ஆக்‌ஷன்!"

அந்த அம்மா அருமையா ஆரம்பிச்சாங்க. "உனக்கு ஒண்ணு சொல்லவா? இத்தனை வருஷத்துல என் வீட்டுக் கதவைத் தட்டாம உள்ள வந்தவ நீ ஒருத்திதான். அந்தக் கதவை நான்... அந்தக் கதவை..."

நிறுத்தினாங்க. உணர்ச்சிவசப்பட்டு நிறுத்தறாங்கன்னு நினைச்சேன். என்னமா நடிக்கறாங்கன்னு எனக்குச் சிலிர்த்துடுச்சு.

பக்கத்துல அந்தப் பொண்ணுக்கு முகம் வெளுத்துப் போச்சு. மூக்கு விடைச்சுது. கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. போச்சு, தும்மப் போறா!

"அச்...!"

அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

அவ வாயை மூடிக்கிட்டு முழிச்சா. தும்மல் வந்தது எங்க பின்னாடி இருந்து.

"கட்! சாரிப்பா, நான்தான்"னு மேடம் மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க.

"என்னம்மா, உனக்கும் ஒட்டிக்கிச்சா?"ன்னார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா, தொத்திக்கும் போல. அம்மா, நீங்க ரெண்டு பேரும் நிதானமா ஒரு தடவை வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்குங்க. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அவசரமே இல்ல."

அடுத்த டேக் ஒரே மூச்சுல ஓகே. கைதட்டல்ல கூரையே அதிர்ந்துது. அந்த அம்மா இவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

"பார்த்தீங்களா? ஒரு மிரட்டு மிரட்டினதும் வழிக்கு வந்துட்டா!"ன்னு சித்தப்பா மீசையைத் தடவிக்கிட்டார்.

எனக்கு மண்டை வெடிச்சிடும் போல இருந்துது. 'காது'கிட்ட போனேன்.

"அண்ணே, பிரேக்ல மேடம் அப்படி என்னதான் கேட்டாங்க?"

"மைக்கை யாரும் கழட்டல. நானும் ரெக்கார்டரை நிறுத்த மறந்துட்டேன்"னு கண்ணைச் சிமிட்டி, ஹெட்போனை என் காதுல வச்சார்.

முதல்ல அந்த அம்மாவோட குரல். "வேணாம் கண்ணு. வசனத்தை மறக்கறது நான், திட்டு வாங்கறது நீயா? நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

அப்புறம் தும்மல் ராணி. "உஷ்! பேசாம இருங்கம்மா. தும்மினா என்னை இந்த ஒரு படத்துல இருந்துதான் தூக்குவாங்க. நீங்க மறந்தது தெரிஞ்சா, அப்புறம் எந்தப் படத்துக்கும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க. மறந்தா காலையில இருந்து செய்யற மாதிரியே என் கையை அமுக்குங்க. நான் தும்மிக்கறேன்."