கெண்டை தின்றது

மீனின் வயிறு பொய் சொல்லாது.

அறிக்கையின் முதல் வரி அது. பேராசிரியர் தானே எழுதி, தானே வியந்த வரி. படகில் உட்கார்ந்தபடி அதை வாய்விட்டுப் படித்தார்.

ஒரு கொக்கு எழுந்து வேறு இடம் போனது.

பனி இன்னும் விலகவில்லை. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. துடுப்பின் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது.

மடியில் தட்டு. தட்டில் கெண்டை. கத்தி வயிற்றில் இறங்கியது.

இரண்டு வருடமாக இதே இடம், இதே காட்சி. பாசி கொஞ்சம். புழு கொஞ்சம். மீதியெல்லாம் வெள்ளை மாவு.

அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்றது ஆய்வுக்கூடம்.

அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. கரையெல்லாம் நெல். நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து. வயல் கரைந்து வந்து மீனைக் கெடுக்கிறது, ஏரி செத்துக்கொண்டிருக்கிறது.

மாவு வெந்திருந்தது மட்டும்தான் கொஞ்சம் இடித்தது. புவி வெப்பமடைதல் என்று ஓர் அத்தியாயம் சேர்த்தார். இடிப்பது நின்றது.

நாளை அறிக்கை கலெக்டர் கைக்குப் போகும். கரையோரத்து அறுபது ஏக்கரில் சாகுபடி நிற்கும். துடுப்புப் போடும் பக்கிரிசாமியின் முக்கால் ஏக்கரும் அதில் அடக்கம்.

பேராசிரியர் கண்ணை மூடினார்.

பனிக்குள் ஒரு மேடை தெரிந்தது. யாரோ பொன்னாடையைப் பிரித்தார்கள். அது பிரியப் பிரிய நீண்டுகொண்டே போய், நீரில் நனைந்து, ஏரி முழுக்கப் பரவியது.

துடுப்பு நின்றது.

"ஏஞ் சார், அதுல கடுகு கிடுகு ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சுங்களா?"

கண்ணைத் திறந்தார். பக்கிரிசாமி அவரைப் பார்க்காமல் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தி முனையில் கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. உருண்டையாக. தாளித்த வாசனைகூடப் போகாமல்.

படகைச் சுற்றிக் கெண்டைகள் மேலே வந்தன. பத்து, இருபது, ஐம்பது. அவர் உட்கார்ந்திருந்த பக்கமாகவே வந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றன.

கரைக்கடைப் பரோட்டாவுக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று, மனைவி கட்டித் தரும் ஆறு இட்லியையும் சட்னியோடு இரண்டு வருடமாக அவர் இங்கேதான் கொட்டி வந்தார்.