ஆணி இறங்காத வீடு

பக்கத்தில் வந்து இருங்கள் பிள்ளைகளே, லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன்.

கிருஷ்ணராசாவின் மகள் கோசிகா லக்‌ஷனை விரும்பினாள். லக்‌ஷன் வீட்டாரோ, உலகப்போர் முடிந்த அவசரத்தில் இரும்புச் சட்டம் நட்டுக் கட்டிய நகரசபையின் பழைய கவுன்சில் வீட்டில் இருந்தார்கள்.

“தகரக் கொட்டிலுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது!” என்று துள்ளினார் தகப்பன். “எங்கட வீடு கல்வீடு! வெளியிலை செங்கல்லைப் பார். உள்ளுக்கை அடிச்சால் ஆணிதான் வளையும்!”

கோசிகா குசினிக்குப் போனாள். பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரைக் கழற்றி, சுவரில் முன்பு ஆணி வளைந்த இடத்தில் வைத்தாள். பிள்ளையார் அசையாமல் ஒட்டிக்கொண்டார்.

“அப்பா, கல்லிலை காந்தம் ஒட்டுமே?”

கிருஷ்ணராசா தொண்டையைச் செருமினார்.

“இரும்புக்கு இரும்பு... பொருத்தம் நல்லாத்தான் கிடக்கு.”

உங்கள் வீட்டுச் சுவர் எதுவானாலும், உள்ளே சிரிப்பு நிலைக்கட்டும், செல்லங்களே.