1850-ஆம் வருஷத்துப் பசி

"அவளுக்கு மட்டும் எதுக்கு சூப்பு?" என்றாள் வெர்னா.

அவள் கணவன் டுவைட் காது கேட்காதவன் மாதிரி சுவரில் தொங்கிய பழைய துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இப்பதான் ஒரு வாய் ருசி பாக்கணும்னு கேட்டேன். பாக்கத்தான் வெச்சிருக்கு, பரிமாற இல்லன்னு அந்தத் தொப்பிக்காரி மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னா. இப்ப பாரு, கிண்ணம் நிறைய!"

"விடேன் வெர்னா. வீட்டுக்குப் போய் நீ வெச்சுக் குடு. நான் குடிக்கறேன்."

"ஆமா, என் சூப்பை நீ என்னிக்கு வாயைத் திறந்து நல்லாருக்குன்னு சொல்லியிருக்க?"

அந்தச் சின்ன ஊரில் பார்க்க இருப்பது ஒன்றே ஒன்றுதான். முதன்முதலில் வந்து குடியேறியவர்களின் மர வீடுகளை அப்படியே வைத்து மியூசியம் ஆக்கியிருந்தார்கள். உள்ளே வேலை பார்ப்பவர்கள் 1850-ஆம் வருஷத்து ஆட்களாகவே பேச வேண்டும், நடக்க வேண்டும். "வைஃபை உண்டா?" என்று கேட்டால், "வைக்கோலா? கொட்டகையில் இருக்குங்க" என்பார்கள்.

முதல் வீட்டிலேயே வெர்னா அழுதிருந்தாள். அவர்கள் குடியேறிய வருஷத்துக் குளிர்காலத்தில் எத்தனை குடும்பம் பட்டினியால் செத்தது என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே அதைப் போட்டோ எடுத்தாள். சர்ச்சில் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

இப்போது இரண்டாவது வீடு. அடுப்பில் இரும்புச் சட்டி கொதித்தது. நீளப் பாவாடையும் தலையில் துணித் தொப்பியுமாக நோரீன் என்ற பெண், குடியேறியவரின் மனைவியாக நின்றிருந்தாள். மூலையில் ஒருத்தி, மடியில் சின்னப் பெண் குழந்தையோடு, ஊதக்கூடப் பொறுமையில்லாமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வெர்னா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். டிக்கெட் வாங்கியவர்களுக்குச் சட்டையில் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் அவளிடம் இல்லை. ஷூவின் முனை வாயைப் பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை.

"ஏம்மா, இவ டிக்கெட்டே வாங்கலியே!"

நோரீன் முகம் வெளுத்தது. ஆனாலும் 1850-ஐ விடவில்லை. "வழிப்போக்கர் வந்தா ஒரு கிண்ணம் ஊத்தாம அனுப்பற பழக்கம் எங்க வீட்டுல இல்லைங்க."

"நாங்க மட்டும் யாரு? நூறு மைல் கார் ஓட்டிட்டு வந்திருக்கோம். நாங்களும் வழிப்போக்கர்தான்!"

பின்னால் நின்ற நாலைந்து பேர் தலையாட்டினார்கள். "நியாயம்தானே" என்றார் ஒருவர்.

மூலையில் இருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குழந்தை அதைத் திரும்ப எட்டிப் பிடித்தது.

"வெளிய பனி கொட்டுதுங்க" என்று நோரீன் மெதுவாகச் சொன்னாள். "கொஞ்சம் சூடா இருந்துட்டுப் போகட்டுமே."

"அதுக்கு சர்ச் இருக்கு, அங்க போகட்டும். எங்கே உன் மேனேஜர்? கூப்பிடு அவரை!"

நோரீன் நகரவில்லை. கூப்பிட்டால் அவள் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வெர்னா வாசலுக்குப் போய் அவளே கூப்பிட்டாள்.

மேனேஜர் ஹாலிஸ் அந்தக் காலத்து மேயர் வேஷத்தில் உயரத் தொப்பியோடு வந்தார். வெர்னா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டிக்கெட், ஸ்டிக்கர், சூப்பு, நூறு மைல்.

ஹாலிஸ் மூலையைப் பார்த்தார். நோரீனைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அடடா, யாரும் சொல்லலியா உங்களுக்கு? அவங்க எங்க நடிகைங்க. பட்டினிக் குளிர்காலத்துல தஞ்சம் கேட்டு வந்த தாயா நடிக்கறாங்க. நடிக்கறவங்களுக்கு ஸ்டிக்கர் எதுக்கு?"

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

"நடிப்பா!" வெர்னா நெஞ்சில் கை வைத்தாள். "நான் நிஜம்னே நெனச்சுட்டேன்! அந்தக் கண்ணைப் பாரு டுவைட். பசி அப்படியே கண்ணுல நிக்குது. எனக்கு அழுகையே வருது."

"குழந்தை அதுக்கு மேல" என்றார் நியாயம் பேசியவர்.

வெர்னா குனிந்து அந்தத் தாயின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "ரொம்ப நல்லா பண்றம்மா. ஷூவை மட்டும் மாத்திக்கோ. அந்தக் காலத்துல ஏது இந்த மாதிரி ஷூ?"

அவள் தலை நிமிராமல், "சரிங்க" என்றாள்.

கார் வரை போன பிறகுதான் வெர்னாவுக்கு ஞாபகம் வந்தது. "ஐயோ, அந்த நடிகையோட ஒரு போட்டோ எடுக்காம வந்துட்டேனே!"

"சீக்கிரம் வா. வண்டியைச் சூடு பண்ணி வெக்கறேன்" என்றான் டுவைட்.

வெர்னா பனியில் வழுக்கிக்கொண்டே அந்த வீட்டுக்குத் திரும்ப ஓடி வந்தாள். கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, பாதி திறந்திருந்த கதவில் கை வைத்தாள்.

உள்ளே பார்க்க வந்தவர்கள் யாரும் இல்லை. நோரீன் கிண்ணத்தில் மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, குழந்தைக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாம மெதுவா சாப்பிடுங்க. இனிமே யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"ஆமா... உங்க பேரு என்னம்மா?"